நினைவோட்டமும் நம் மௌனமும்

பெசன்ட் நகர்க் கடற்கரையில் ஞாயிறு அதிகாலை என்றாலே இப்போதெல்லாம் ஓட்டம் என்றாகிவிட்டது. இதயத்திற்காக ஒரு ஞாயிறு, சிறுநீரகத்திற்காக ஒரு ஞாயிறு. அக்டோபர் பிறந்துவிட்டால் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்காக இளஞ்சிவப்புச் சட்டைகள். சென்ற அக்டோபரில் அத்தகைய ஓட்டம் ஒன்றில் நானும் இருந்தேன். ஓடினேன் என்று எழுதினால் என் முழங்கால்களே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லும்; நடந்தேன். அழைத்துச் சென்றவள் என் தங்கையின் மகள். எதற்கான ஓட்டம் என்று அவள் முன்கூட்டிச் சொல்லவில்லை. கடற்கரைக்கு வந்து அந்த இளஞ்சிவப்பைக் கண்ட பிறகே எனக்கு விளங்கிற்று. விளங்கியதும் உள்ளே ஏதோ நடுங்கிற்று.

கட்டணம் கட்டியவர்களுக்குச் சட்டையோடு எண் அச்சிட்ட தாள் ஒன்றும் தந்தார்கள். எண்ணுக்குக் கீழே ஒரு கோடு. யாருடைய நினைவாக ஓடுகிறோம் என்று அதில் எழுதிக்கொள்ள வேண்டும். அவள் ‘என் அம்மாவுக்காக’ என்று எழுதினாள். பேனாவை என்னிடம் நீட்டினாள். ‘என் தங்கைக்காக’ என்று எழுதினேன்.

தங்கை மறைந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அவள் மார்பகப் புற்றுநோயால் இறந்தாள். இந்தச் சிறு வாக்கியத்தை நான் எழுதுவது இதுவே முதல் முறை. இறப்புச் செய்தி அட்டையில் ‘உடல்நலக் குறைவால்’ என்று அச்சிட்டோம். பங்கில் வாசிக்கப்பட்ட அறிவிப்பில் ‘நீண்டகாலச் சுகவீனம்’ என்றிருந்தது. உறவினர்கள் கேட்டபோது வயிற்றில் கட்டி என்றோம். ஆம், நோயை மார்பிலிருந்து வயிற்றுக்கு இடம் மாற்றினோம். அப்போது பதினேழு வயதாக இருந்த அவள் மகளுக்கும் அதே பொய்தான். தாயின் மார்பில் வந்த நோயைப் பற்றிப் பெண் பிள்ளையிடம் பேசுவது முறையன்று என்று பெரியவர்கள் சொன்னார்கள். அந்தப் பெரியவர்களுள் நானும் ஒருவன்.

ஐந்து கிலோமீட்டரில் பாதியைக்கூட நான் முடிக்கவில்லை. ஷ்மிட் நினைவிடத்தின் அருகே மணலில் அமர்ந்துவிட்டேன். 1930 டிசம்பர் 30 அன்று பிறர் உயிரைக் காக்க உதவியபோது இவ்விடத்தருகே மூழ்கி மாண்ட ஓர் அயல்நாட்டவரின் நினைவாக எழுப்பப்பட்டது அது. அவர் இறந்தது எங்கே, எப்படி, எதற்காக என்பதைக் கல்லிலேயே பொறித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லை வாசிக்காமல், அதன் மீது கால் வைத்துத் தசைகளைத் தளர்த்திக்கொண்டிருந்தார்கள் சிலர். அங்கேதான் அவள் சொன்னாள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவளுக்கும் மார்பில் ஒரு கட்டி தென்பட்டதாம். தியாகராய நகரில் ஒரு மருத்துவரிடம் போயிருக்கிறாள். வீட்டில் யாருக்கேனும் இந்த நோய் இருந்ததா என்று அவர் கேட்டாராம்.

“இல்லைன்னு சொன்னேன் மாமா. எனக்குத் தெரிஞ்சதைத்தானே சொல்ல முடியும்?”

பிறகு ஒரு நாள் பீரோவின் அடித்தட்டில், திருமணப் புடவைக்குக் கீழே, தாயின் மருத்துவக் கோப்பைக் கண்டெடுத்திருக்கிறாள். மறுநாளே அந்த மருத்துவரிடம் திரும்பிப் போய் உண்மையைச் சொன்னாள். ஊசியிட்டுத் திசு எடுத்துப் பார்த்தார்கள். புற்று இல்லை. கடவுளுக்கு நன்றி என்று அவள் சொன்னபோது என்னால் ஆமென் சொல்ல முடியவில்லை. அந்தக் கட்டி வேறு விதமாக இருந்திருந்தால்? அவளுடைய முதல் பதிலை நம்பி அந்த மருத்துவர் ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தால்?

தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் ஒரு பெண்ணுக்கு அந்நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. இந்நோய்களுள் 5 முதல் 10 விழுக்காடு வரை பரம்பரையாக இறங்கும் மரபணு மாற்றத்தால் வருவன. குடும்பத்தின் நோய் வரலாறு என்பது சொத்துப் பத்திரத்தைப் போன்றது. வாரிசுகளுக்குச் சேர வேண்டியது. நிலப் பத்திரத்தை ஒளித்து வைத்த மாமனை ஊர் என்னவென்று சொல்லும்? நோய்ப் பத்திரத்தை ஒளித்து வைத்த என்னைக் குடும்ப மானம் காத்தவன் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

இப்போது ஓட்டத்திற்கு வருகிறேன். இந்த ஓட்டங்களின் மீது எனக்குச் சினம் உண்டு. ஆயினும் ஓடுகிறவர்களை ஏளனம் செய்ய நான் வரவில்லை. ஒருவருக்காக உடலை வருத்தி நடப்பது நமக்குப் புதிதன்று. ஆகஸ்டு 29 அன்று இதே பெசன்ட் நகரில் அன்னை வேளாங்கண்ணி திருத்தலத்தில் கொடியேறுவதைக் காண, நகரின் எல்லா மூலைகளிலிருந்தும் நம் மக்கள் நடந்தே வருகிறார்கள். கால் கொப்பளித்த தாய்மாரைக் கேட்டுப் பாருங்கள், என்ன கருத்துக்காக நடந்தார்கள் என்று தயங்காமல் சொல்வார்கள். மன்றாட்டுச் சீட்டில் பெயரும் குறையும் எழுதியிருக்கும். விழிப்புணர்வு ஓட்டத்தில் விடுபட்டுப்போவது இதுதான். எதைப் பற்றிய விழிப்புணர்வு? அன்று மேடையில் ஒன்றேகால் மணி நேரம் ஒலிபெருக்கி முழங்கியது. நடன ஆசிரியர் ஒருவர் எல்லாரையும் குதிக்க வைத்தார். நகைக்கடை ஒன்றின் பரிசுக் குலுக்கல் நடந்தது. மார்பில் என்ன மாற்றம் தென்பட்டால் யாரிடம் போக வேண்டும் என்று சொல்ல அந்த மேடைக்கு ஐந்து நிமிடம் கிடைக்கவில்லை. புற்றுநோயுடன் போரிட்டு வென்ற வீராங்கனைகள் என்று சிலரை அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர்கள் நூறாண்டு வாழட்டும். ஆனால் அப்படியானால் என் தங்கை தோற்றவளா? அவளிடம் குறைந்தது வீரம் இல்லை. எட்டு மாதங்கள்தான் குறைந்தன. கட்டியை முதலில் தொட்டறிந்த நாளுக்கும் அடையாறுக்குப் போன நாளுக்கும் இடையே, வெட்கத்தாலும் அச்சத்தாலும் கழிந்த எட்டு மாதங்கள்.

அடையாறு என்று எழுதிவிட்டேன். சென்னைவாசிகளுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. ‘அடையாறுக்குப் போய் வருகிறார்களாம்’ என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் போதும், என்ன நோய் என்று எல்லாருக்கும் புரிந்துவிடும். ஓர் ஊரின் பெயரையே நோய்க்கு முக்காடாக்கி வைத்திருக்கிறோம். அந்த மருத்துவமனை எழுந்த வரலாற்றை அறிந்தவர்களுக்கு இதைவிடக் கசப்பான வேடிக்கை இருக்க முடியாது. ஏனெனில் அது எழுந்ததே உடன்பிறந்தவள் ஒருத்தியின் நோயை மறைக்காமல் சொன்னதால்தான்.

புதுக்கோட்டையில் 1886இல் பிறந்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் குடல் புற்றுநோயால் இறந்தார். தொடக்கத்தில் அதைச் சீதபேதி என்று தவறாகக் கணித்திருந்தார்கள். மருத்துவரின் வீட்டிலேயே நேர்ந்த பிழை அது. குடும்பத்தின் கௌரவத்தையும் தொழிலின் கௌரவத்தையும் எண்ணி அதைப் புதைத்துவிட எல்லாக் காரணங்களும் இருந்தன. முத்துலட்சுமி புதைக்கவில்லை. தங்கை இறந்தது இன்ன நோயால், அது கண்டறியப்படாமல் போனது இவ்வாறு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இங்கிலாந்து சென்று இத்துறையில் பயிற்சி பெற்றார். 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா மேடையில், புற்றுநோய்க்கென்று இங்கே தனி மருத்துவமனை வேண்டும் என்று அறிவித்தார். எப்படியும் சாகப் போகிறவர்களுக்கு மருத்துவமனை எதற்கு என்ற கேள்வி ஆட்சியாளர்களிடமிருந்தே வந்த காலம் அது. இந்திய மாதர் சங்கத்தின் பெயரால் நிதி திரட்டினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று அடையாற்றில் 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறந்தது. தங்கையின் மரணத்திலிருந்து எண்ணினால் முப்பத்தோரு ஆண்டுகள். அப்போது அவருக்கு வயது அறுபத்தேழு.

நினைவோட்டம் என்று எதையேனும் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்லுவேன். அதுவும் அவரோடு நிற்கவில்லை. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதைச் சுமந்தார். 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021 ஜனவரி 19 அன்று இறக்கும்வரை அந்த வளாகத்தையே வீடாகக் கொண்டிருந்தார். பணமில்லை என்ற காரணத்தால் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை என்ற நெறியை அவர்கள் காத்தார்கள். 1981இல் சென்னைக்கான புற்றுநோய்ப் பதிவகம் அங்கே தொடங்கப்பட்டது. யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில் என்று நகரின் நோயைப் பெயர் சொல்லி எண்ணுகிற வேலை. ஒரு காலத்தில் சென்னைப் பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றுநோயே முதலிடத்தில் இருந்தது என்பதும், பின்னர் மார்பகப் புற்றுநோய் அதை முந்திவிட்டது என்பதும் அப்படி எண்ணியதால் தெரிந்த உண்மைகள். வயிற்றில் கட்டி என்று சொல்லித் திரிந்த என்னைப் போன்றவர்களை நம்பியிருந்தால் அந்தக் கணக்கு எப்படி இருந்திருக்கும்?

சகோதரியின் நினைவு என்பது கடை விளம்பரமாகவும் மாறக்கூடும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பாடம் இருக்கிறது. சூசன் கோமென் என்ற பெண் 1980இல், முப்பத்தாறு வயதில், மார்பகப் புற்றுநோயால் இறந்தார். அவருக்குக் கொடுத்த வாக்கின்படி தங்கை நான்சி 1982இல் அக்காவின் பெயரால் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். மறு ஆண்டு டல்லஸ் நகரில் ஏறத்தாழ 800 பேர் ஓடினார்கள். இன்று உலகெங்கும் நடக்கும் இளஞ்சிவப்பு ஓட்டங்களுக்கு அதுவே முன்னோடி. மார்பகம் என்ற சொல்லைக்கூடப் பொது இடத்தில் உச்சரிக்கக் கூசிய சமுதாயத்தில் அந்தத் தங்கை அதைச் சொல்ல வைத்தார். அதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் 2010இல் அதே அறக்கட்டளையோடு கைகோத்து, கே.எஃப்.சி. நிறுவனம் பொரித்த கோழியை இளஞ்சிவப்பு வாளியில் விற்றது. வாளிக்கு ஐம்பது சென்ட் நோய் ஒழிப்புக்கு. அந்நாட்டிலேயே நோயுற்ற பெண்கள் எழுந்து, வாங்கும் முன் சிந்தியுங்கள் என்று இயக்கம் நடத்தினார்கள். பாண்டி பஜாரிலும் உஸ்மான் சாலையிலும் அக்டோபரில் கட்டப்படும் இளஞ்சிவப்புத் தோரணங்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த வாளி நினைவுக்கு வருகிறது.

எல்லா ஓட்டமும் அப்படியன்று. எலும்புப் புற்றுநோயால் 1977இல் வலக்காலை இழந்த கனடிய இளைஞர் டெரி ஃபாக்ஸ், செயற்கைக் காலோடு 1980 ஏப்ரல் 12 அன்று அட்லாண்டிக் கரையிலிருந்து ஓடத் தொடங்கினார். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடி, நோய் நுரையீரலுக்குப் பரவியதால் செப்டம்பர் 1 அன்று நின்றார். அடுத்த ஆண்டு ஜூனில், இருபத்து மூன்றாம் பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முன்பு, இறந்தார். உடன் வண்டியில் வந்த தம்பி டாரல் பிற்காலத்தில் அண்ணன் பெயரிலான அறக்கட்டளையைப் பல ஆண்டுகள் நடத்தினார். தன் ஓட்டத்தைக் கொண்டு யாரும் வணிக ஆதாயம் தேடக்கூடாது என்பதில் டெரி கண்டிப்பாக இருந்தார். அதனால் அவர் பெயரில் நடக்கும் ஓட்டங்களில் போட்டி இல்லை, பரிசு இல்லை. சென்னையில் ஐ.ஐ.டி. வளாகத்திலும் அது நடந்திருக்கிறது. வெல்வதற்கு எதுவும் இல்லாத ஓட்டம் என்றால், ஓடுகிறவர் ஏன் ஓடுகிறோம் என்று ஒரு கணமாவது எண்ணித்தானே ஆக வேண்டும்?

நல்ல சமாரியர் உவமையை ஆண்டுதோறும் கேட்கிறோம். அவர் சாவடிக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்தார், மேற்கொண்டு ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தீர்ப்பதாகவும் சொன்னார் என்ற பகுதியை மறையுரைகளில் விரைவாகத் தாண்டிவிடுகிறோம். தொகை எவ்வளவு, யார் கையில் கொடுத்தார், மீதிக்கு யார் பொறுப்பு, எல்லாம் அங்கே இருக்கிறது. ஓட்டம் நடத்துகிறவர்களே, உங்களிடமும் அதையே கேட்கிறேன். கட்டணமாக எவ்வளவு வந்தது? சட்டைக்கும் பதக்கத்திற்கும் ஒலிபெருக்கிக்கும் எவ்வளவு போனது? எந்த மருத்துவமனையின் எந்த நோயாளிக்கு மீதி போய்ச் சேர்ந்தது? அடுத்த ஓட்டத்திற்கு ஆள் சேர்க்கும் துண்டறிக்கையின் பின்புறம் காலியாகத்தான் இருக்கிறது, அதில் அச்சிடலாம்.

இவ்வளவையும் மணலில் உட்கார்ந்து நான் கொட்டித் தீர்த்தபோது தங்கை மகள் குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு, “நீங்க சொல்றது சரிதான் மாமா. ஆனா அம்மாவுக்கு என்ன நோய்னு நான் முதன்முதலா வெளியே சொன்னது இந்தக் கூட்டத்துலதான். கோயில்ல சொல்ல முடியலையே” என்றாள்.

அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. இன்றும் இல்லை. நகைக்கடை விளம்பரத்தின் நடுவே அவளுக்குக் கிடைத்த இடம், அவள் திருமுழுக்குப் பெற்ற பங்கில் கிடைக்கவில்லை. ஆகவே ஓட்டக்காரர்கள் மீது எறிந்த கல்லை விடப் பெரிய கல்லை நம் வீட்டுக்குள்தான் நான் எறிய வேண்டியிருக்கிறது. பெத்தானியாவில் இலாசர் நோயுற்றபோது மார்த்தாவும் மரியாவும் மறைக்கவில்லை. ஆளனுப்பி ஆண்டவருக்குச் சொன்னார்கள். கல்லறைக் கல்லைப் புரட்டச் சொன்னபோதும், நான்கு நாளாயிற்று, நாற்றம் எடுக்குமே என்று மார்த்தா உள்ளதை உள்ளபடியே சொன்னார். உடன்பிறந்தவனை இழந்த சகோதரிகள் அவர்கள். அவர்களுடைய நாவுக்கு இருந்த விடுதலை நம் வீட்டுச் சகோதரிகளுக்கு ஏன் இல்லை? நம் அன்பியக் கூட்டங்களில் ‘ஒரு நோயாளிக்காக’ என்று பொதுப்பட மன்றாடுகிறோம். சர்க்கரை என்றால் சொல்கிறோம், இரத்த அழுத்தம் என்றால் பெருமையோடுகூடச் சொல்கிறோம். மார்பகம், கருப்பை என்று வரும்போது மட்டும் நம் செபம் ஊமையாகிவிடுகிறது. நோயைப் பாவத்தின் தண்டனையாகப் பார்க்கும் பழைய எண்ணம் எங்கோ அடியில் இன்னும் கிடக்கிறது. பிறவிக் குருடர் விடயத்தில் ஆண்டவரே மறுத்த எண்ணம் அது. பெண் பிள்ளைகளுக்கு வரன் தட்டிப்போகும் என்ற கணக்கும் சேர்ந்துகொள்கிறது. எங்கள் வீட்டிலும் அந்தக் கணக்கைப் போட்டோம், மறைக்காமல் சொல்லுகிறேன்.

முப்பது வயது கடந்த பெண்களுக்கு அரசு ஆரம்பச் சுகாதார நிலையங்களில் மார்பகப் பரிசோதனையும் கருப்பைவாய்ப் பரிசோதனையும் கட்டணமின்றிச் செய்யும் திட்டம் இருக்கிறது. ஆயினும் 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுவரையான பெண்களில் மார்பகப் பரிசோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. மற்ற மாநிலங்கள் பலவற்றின் நிலை இதைவிடத் தாழ்வு. கருவி இல்லாததால் மட்டும் வந்த குறை அன்று இது. செவிலியர் கை வைத்துப் பார்க்கும் பரிசோதனைக்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். வருகிற பெண் வேண்டும். அவள் வர வேண்டுமானால் பக்கத்து வீட்டுக்காரி எதனால் இறந்தாள் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் பங்குகளின் மாதர் சங்கங்கள் ஒரு ஞாயிற்றுத் திருப்பலிக்குப் பின் ஒரு செவிலியரை அழைத்து அரை மணி நேரம் பேச வைக்க என்ன தடை? ஆண்களை வெளியே அனுப்பத் தேவையில்லை என்பது என் கருத்து. என்னைப் போன்ற அண்ணன்மாரும் கேட்க வேண்டிய பேச்சு அது. தங்கை எட்டு மாதம் யாரிடமும் சொல்லாமலிருந்ததற்கு, என்னிடம் சொல்ல முடியாது என்று அவள் நினைத்ததும் ஒரு காரணம்.

நவம்பர் முதல் வாரத்தில் மந்தைவெளியருகே உள்ள நம் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, மயிலாப்பூரில் எங்கள் பங்கு அலுவலகத்திற்குப் போனேன். மரித்தோருக்கான திருப்பலிக் கருத்தை எழுதும் படிவத்தில் தங்கையின் பெயருக்குப் பின், மார்பகப் புற்றுநோயால் இறந்தவர் என்று எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்தில் இருந்த தம்பி இரண்டு முறை வாசித்தார்.

“இதையும் வாசிக்கணுமா சார்?”

“வாசிக்க வேண்டும் தம்பி” என்றேன்.

அவர் கட்டணத்திற்கு ரசீது எழுதினார். ஞாயிறன்று இரண்டாம் திருப்பலியில் வாசித்தார்கள். பீடத்திலிருந்து மூன்றாம் வரிசையில் தங்கை மகள் இருந்தாள். திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, நாற்பது வயதிருக்கும், எங்களுக்கு அறிமுகமில்லாத ஒரு பெண் அவளைத் தனியே அழைத்துப்போய், கொடிக்கம்பத்தருகே நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.